பழைய கார் வாங்குமுன்

புதுக் கார் வாங்கும் வசதி எல்லாக் குடும்பத்தினர்க்கும் வாய்ப்பதில்லை. வயது முதிர்ந்த பெற்றோரைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்ல ஒரு பழைய கார் போதும் என எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும், வண்டியின் பளபளப்பைப் பார்க்குமுன் அதன் காகிதங்களைப் பார்ப்பதே விவேகம்.

ஆர்.சி.யில் கண்ட எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். அதில் கடன் குறிப்பு இருப்பின், விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்தல் ஆகாது. கடன் தீர்ந்ததற்கு வங்கியின் கடிதமும், வங்கி ஒப்பமிட்ட 35-ஆம் படிவமும் கைக்கு வரவேண்டும்.

டெல்லியில் பழைய கார் மலிவு என்பது உண்மையே. அதற்குக் காரணமும் உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாதென 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அதன் பின்னர் இவ்விதி மாறுதல்களுக்கு உள்ளாகியிருப்பதால், வாங்கும் நாளில் உள்ள நிலையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறிக. அத்தகைய வண்டியைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்வதாயின், 28-ஆம் படிவத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று பெறுதல் வேண்டும். அங்கே சாலை வரியும் கட்டவேண்டும். அச்செலவையும் கூட்டிப் பார்த்தால் மலிவு மலிவாக இராது.

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்ப்பது நலம். புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாயின் அதன் அடியில் சேற்றுக் கறை தென்படக்கூடும். டயரில் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தமக்கு நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதற்கு ஆகும் கூலி வீண் செலவன்று.

பணம் கைமாறிய பின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. 29, 30-ஆம் படிவங்களைக் கொடுத்து, வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸுக்கு 14 நாட்களே தவணை. தவறினால், தம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கு ஈட்டுத்தொகை கிடைக்காமற் போகலாம்.

மாற்றல் உத்தரவு வந்து, அவசரமாகக் காரை விற்றுவிட்டுப் புறப்படும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் விட்டுச் செல்லாதீர்கள். விற்ற வண்டியே ஆயினும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாளி என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாறியதைக் கண்ணாற் கண்ட பின்னரே நிம்மதி கொள்ளுங்கள்.