ஆர்டர் கையில இருக்கு... ஆனா ராத்திரி கதவைத் தட்டுறவனை யார் தடுக்கிறது?

தோழர்களே, ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, போன்ல கூடத் தொடர்பு கொள்ளக் கூடாதுன்னு கணவனுக்கு எதிரா கோர்ட்ல பாதுகாப்பு ஆணை வாங்கியிருந்தாங்க. ஒரு ராத்திரி அந்த ஆளு குடிச்சிட்டு வந்து, "வெளிய வாடி, கொன்னுடுவேன்"னு கதவை உதைச்சான். ஆர்டர் காப்பியோட ஸ்டேஷனுக்குப் போனோம். "குடும்பப் பிரச்சனைம்மா, காலையில வக்கீலைப் பாருங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

கூடப் போனவன் நான்தான். படிச்சது இன்ஜினியரிங், சட்டம் தெரியாது. தலையை ஆட்டிட்டுத் திரும்பி வந்துட்டேன். அந்த உறுத்தல்லதான் சட்டத்தையே எடுத்துப் படிச்சேன்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அதுல இருக்கிறது இதுதான்:

👉 பிரிவு 31: பாதுகாப்பு ஆணையை மீறினால் 1 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

👉 பிரிவு 32: இது ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். அந்தப் பெண்ணோட சாட்சியம் ஒன்றை மட்டுமே வைத்துக்கூட நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்.

👉 பிரிவு 24: ஆணையின் நகல் அந்த ஏரியா காவல் நிலையத்துக்கும் இலவசமா போகணும்.

👉 பிரிவு 5: புகார் வந்தாலே பாதுகாப்பு அலுவலர், இலவச சட்ட உதவி பற்றியெல்லாம் போலீஸ் எடுத்துச் சொல்லியாகணும்.

ஆக, "காலையில வாங்க"ன்னு அனுப்பினது சட்டம் இல்ல. அலட்சியம்.

இன்னொரு பக்கமும் பேசணும். இன்னும் ஆர்டரே வாங்காத பெண்ணுக்கு? மனு கொடுத்தா முதல் விசாரணை சாதாரணமா 3 நாளுக்குள்ள. எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால ஆணை தர பிரிவு 23 இருக்கு. ஆனா அடி விழுறது இன்னைக்கு ராத்திரி. அடிச்சதுக்கு வழக்கு போடலாம். ஆனா அந்த ராத்திரியே "நீ வீட்டை விட்டு வெளியே போ"ன்னு எழுதிக் கொடுக்கிற அதிகாரத்தை இந்தச் சட்டம் போலீஸுக்குத் தரல. அதனால அடிச்சவன் கட்டில்ல தூங்குறான். அடி வாங்கினவங்க பிள்ளையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க.

ஆஸ்திரியாவுல 1997-லயே அடிக்கிற ஆளை வீட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரத்தை போலீஸுக்குக் கொடுத்துட்டாங்க. இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க 2014-ல வந்த முறையில, போலீஸே பாதுகாப்பு நோட்டீஸ் கொடுக்கும். 48 மணி நேரத்துக்குள்ள அது நீதிமன்றத்துக்குப் போயாகணும்.

"போலீஸ் கையில இன்னும் அதிகாரமா? கட்டப்பஞ்சாயத்துதான் நடக்கும்"னு சிலர் கேட்பீங்க. நியாயமான பயம். அதனாலதான் வாய்மொழியா இல்லாம எழுத்துல இருக்கணும், 48 மணி நேரத்துக்கு மட்டும் இருக்கணும், அதுக்குள்ள மாஜிஸ்திரேட் பார்த்தாகணும்னு சொல்றோம். கூடவே ஒண்ணு. நீதிமன்றம் சொன்ன கடமையைத் தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு இதே சட்டத்துல பிரிவு 33-ன்படி தண்டனை உண்டு. திருப்பி அனுப்புற போலீஸுக்கு இந்தச் சட்டத்துல அப்படி ஒரு பிரிவு இல்ல. அதுவும் வரணும். அதிகாரம் கொடுத்தா பொறுப்பும் சேர்ந்தே வரணும்.

சட்டம் மாறும் வரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம். இந்த நம்பர்களை சேவ் பண்ணுங்க: அவசரத்துக்கு 112, மகளிர் உதவிக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்க வருமான வரம்பு கிடையாது.

அடுத்த தடவை உங்க தெருவுல ஒரு அக்கா ஸ்டேஷனுக்குப் போனா கூடப் போங்க. "பிரிவு 31, 32-ல எஃப்ஐஆர் போடுங்க சார்"னு நிதானமா கேளுங்க. என்னை மாதிரி தலையை ஆட்டிட்டுத் திரும்பி வந்துடாதீங்க.

படிச்சதோட நிறுத்தாம, குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் பகிருங்க. ✊

#குடும்பவன்முறை #பெண்பாதுகாப்பு