மூன்று சென்ட்டிலும் ஒரு மரம்

வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் இடம் கேட்கிறார்கள். காருக்கு, பைக்குக்கு, சம்ப்புக்கு, செப்டிக் டேங்குக்கு, துணி துவைக்கிற கல்லுக்கு, இப்போது ஏசியின் வெளிப்பெட்டிக்கும் தனி இடம். மரத்துக்கு இடம் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். மதுரையைச் சுற்றி ஒத்தக்கடை, ஊமச்சிகுளம் பக்கமெல்லாம் இன்று விற்கிற மனைகள் பெரும்பாலும் இரண்டரை சென்ட், மூன்று சென்ட். மூன்று சென்ட் என்றால் 1,300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். வீடு போக மிஞ்சுவது முன்பக்கம் ஒரு துண்டு, பக்கவாட்டில் ஒரு சந்து. “இதுல எங்கிட்டும்மா மரம் வைக்கிறது? பேவர் பிளாக் போட்டு விட்ருங்க, கழுவி விடத் தோதா இருக்கும்” என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

முடியக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சிறுமரத்துக்கு நான்கடிக்கு நான்கடி திறந்த மண் போதும். சுவரிலிருந்து அடிமரம் ஆறேழு அடி தள்ளி நின்றால் நல்லது. அவ்வளவு இல்லாத மனையில் ஐந்தடியிலும் வளர்க்கக் கூடிய மரங்கள் உண்டு. சிறிய மனைக்காரர்கள் மரத்தைக் கைவிடுவதற்கு இடநெருக்கடியைவிடப் பெரிய காரணம், எந்த மரம் என்று சொல்ல ஆளில்லாததுதான்.

கன்று நம் வீட்டுக்கு வருகிற வழிகள் இரண்டு. ஒன்று, விழாக்களில் கிடைப்பது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு, பள்ளி விழாவில், கட்சிக்காரர் பிறந்தநாளில் கொடுக்கிறார்கள். வேம்பு, புங்கம், நாவல், மகாகனி. நல்ல மரங்கள்தான். குளத்தங்கரைக்கும் சாலையோரத்துக்கும் பள்ளி மைதானத்துக்கும் இவற்றை விட்டால் வேறில்லை. காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கடிச் சந்தில் மகாகனியை ஊன்றினால் என்ன ஆகும்? ஏழெட்டு வருஷத்தில் மாடியைத் தாண்டும், மின்கம்பியைத் தொடும், ஒரு பக்கத்துக் கிளையை முழுவதும் கழிப்பார்கள், எடை மறுபக்கம் சாயும். அப்புறம் ஒரு புயல் எச்சரிக்கை வந்ததும் பயந்துபோய் அடியோடு வெட்டிவிடுவார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சிமெண்டுக்கும் தாருக்கும் நடுவே வேர் பரவ இடமில்லாத பெரிய மரத்தால் எத்தனை நேரம்தான் காற்றை எதிர்த்து நிற்க முடியும்? வெட்டின வீட்டுக்காரர் அதற்குப் பிறகு மரம் என்ற பேச்சையே எடுக்க மாட்டார். எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான்.

இன்னொரு வழி நெடுஞ்சாலையோர நர்சரி. ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய செடிகள் வரிசையாகப் பூத்து நிற்கும். பார்த்ததும் கை போகும். பூத்து நிற்பதைப் பார்த்து வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இருபது வருஷம் கழித்து அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் நிற்கும் என்பதுதான் முதல் கேள்வி. தொட்டியில் உருண்டையாக வெட்டி வைத்திருக்கும் ஃபிக்கஸ் ஆல அரச இனத்தைச் சேர்ந்தது. தரையில் இறக்கினால் அதன் வேர் ஈரத்தைத் தேடி எந்தக் குழாய்க்குள்ளும் போகும். வேகமாக வளர்ந்து பச்சைச் சுவராக நிற்கும் கோனோகார்பஸை 2023இல் குஜராத் அரசு தடை செய்தது, தமிழ்நாடும் 2025இல் தடை செய்துவிட்டது. மஞ்சள் அரளி அழகுதான், வெயிலும் தாங்கும். ஆனால் அதன் கொட்டை இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

அப்படியானால் எதை வைப்பது? நான் முதலில் சொல்வது பவளமல்லி. பத்துப் பதினைந்து அடியில் நிறுத்திக்கொள்ளலாம், எத்தனை தடவை கவாத்து செய்தாலும் கோபித்துக்கொள்ளாமல் துளிர்க்கும். இலையைத் தடவினால் சொரசொரக்கும். கிளை நாலு பட்டையாக, கோணம் கோணமாக இருக்கும். மொட்டு சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் விரியும். வெள்ளை இதழ், நடுவில் பவள நிறக் காம்பு. விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காலையில் கோலம் போட வருகிற பெண்கள் முதலில் பூவைப் பொறுக்குகிறார்கள். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்கிற வழக்கத்துக்கே இந்த ஒரு பூவுக்கு விலக்கு உண்டு. காம்பைத் தனியாகக் கிள்ளி உலர்த்தினால் காவிச் சாயம் கிடைக்கும். ஒரு காலத்தில் துணிக்கு அதைத்தான் ஏற்றினார்கள். இந்த மரத்தில் ஒரே தொந்தரவு, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வருவது. படுக்கையறை ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள். வாசல் கேட்டுக்குப் பக்கத்து மூலை அதற்குச் சரி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், ஆகவே குழியைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக விடக் கூடாது.

அடுத்தது ஆத்தி. சோழர் சூடிய மாலை இந்த மரத்துப் பூ. பாண்டியருக்கு வேம்பு, சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி. மூன்றில் வேம்பையும் பனையையும் காட்டச் சொன்னால் எந்தப் பிள்ளையும் காட்டும். ஆத்தியைக் காட்டச் சொன்னால் பெரியவர்களும் முழிக்கிறார்கள். இத்தனைக்கும் அழகர்மலை அடிவாரத்துப் புதர்க்காடு போன்ற வறண்ட நிலத்தில் தானாக வளர்கிற மரம் அது. கருத்த, வெடித்த பட்டை. நேராக நிற்காது, வளைந்து நெளிந்து கிளையைத் தொங்கவிடும். இலை இரண்டு மடலாகப் பிளந்து, மாட்டுக் குளம்பின் தடம் மாதிரி இருக்கும். கோடையில் வெளிர்மஞ்சளும் வெள்ளையும் கலந்த சின்னப் பூக்கள் சரமாக வரும். எட்டத்திலிருந்து பார்த்தால் பூத்ததே தெரியாது. கிட்டே போனால்தான் தேனீ இரைவது கேட்கும். மெதுவாக வளரும். இந்த மெதுவைக் குறை என்கிறார்கள். சின்ன மனைக்கு இதைவிட நல்ல குணம் எது என்று நான் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு முழம் வளர்கிற மரத்தோடு வீடும் சேர்ந்து வளரும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முதல் இரண்டு கோடை தண்ணீர் விட்டால் போதும், பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இன்னும் சிறிய இடமா? வெள்ளை மந்தாரை. ஆத்திக்குச் சொந்தக்காரன், பத்து அடியைத் தாண்டுவதே அரிது, வருஷத்தில் பல மாதம் பூக்கும். குருந்து என்று ஒரு முள்மரம் உண்டு, எலுமிச்சைக் குடும்பம். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டது அதன் அடியில்தான். பூ மணக்கும், கருப்பில் நீலம் படர்ந்த பெரிய வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். இலையைப் புழு தின்கிறதே என்று மருந்தடிக்க ஓடாதீர்கள். அந்தப் புழுதான் அந்த வண்ணத்துப்பூச்சி.

சூரியன் படாத பக்கவாட்டுச் சந்து எல்லா வீட்டிலும் இருக்கும், அங்கே எதை வைத்தாலும் நோஞ்சானாகப் போகும். நான் சொன்ன ஐந்தடி இடைவெளி கிடைத்தால் அந்த இடத்துக்கு அசோகு. நிழலையும் ஈரத்தையும் விரும்புகிற மரம், அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் அதற்கே போகட்டும். மாசி பங்குனியில் கிளையிலும் தண்டிலும் கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும். வாங்கும்போது கவனம் வேண்டும்: ஊசியாக மேலே போகிற நெட்டிலிங்கத்தைத்தான் பல இடங்களில் அசோக மரம் என்று கொடுக்கிறார்கள். சரக்கொன்றையும் மகிழமும் கேட்கிறவர்களுக்கு, ஐந்து சென்ட்டுக்கு மேல் இருந்தால் மட்டும் சரி என்பேன். திருவண்ணாமலையில் தலமரமாக நிற்கும் மகிழத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி விரியும் என்று தெரியும்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மதுரை பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரிகூட இல்லை. சித்திரை பிறந்ததும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது, அப்புறம் ஆவணி வரை வடக்கே சாய்ந்து போகிறது. ஆக, கொளுத்துகிற மாதங்களில் தெற்குச் சுவரில் வெயில் அதிகம் படுவதில்லை. வீட்டைச் சூடாக்குவது மேற்குச் சுவரும் வடமேற்கு மூலையும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவர் குடித்த சூட்டைத்தான் ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறை கக்குகிறது. பன்னிரண்டடி மரம் ஒன்று அங்கே நின்றால் தரைத்தளத்துச் சுவரில் ஒரு நல்ல பகுதி நிழலுக்குள் வந்துவிடும். ஏசி வாங்க ஒதுக்குகிற பணத்தையும் மாதாமாதம் கட்டுகிற மின்கட்டணத்தையும் நினைத்துப் பார்த்து மரத்தின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

“வேர் அஸ்திவாரத்தைப் பேத்துராதா அக்கா?” என்று கேட்காதவர் இல்லை. நான் சொன்ன சிறுமரங்களின் வேர் நல்ல கான்கிரீட்டைப் பிளப்பதில்லை. ஏற்கெனவே கசிகிற குழாய், விரிசல் விட்ட செப்டிக் டேங்க் இருந்தால் அந்த ஈரத்தைத் தேடிப் போகும். அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது குழாயை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் கதை வேறு. அந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும்போது சுருக்கம் கூடி, ஆழமில்லாத அஸ்திவாரமுள்ள சுவரில் விரிசல் வரலாம். கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் மரத்தைக் காம்பவுண்டு ஓரமாகவே தள்ளி வையுங்கள், அஸ்திவாரத்தையும் அந்த மண்ணுக்குத் தக்கபடி போடுங்கள்.

குப்பை விழும் என்பவர்களுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. விழத்தான் செய்யும். அதைக் கூட்டித் தெருவில் எரிக்காமல் அதே மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் கோடையில் தண்ணீர் மிச்சம்.

கன்று வாங்குவதில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஆளுயரக் கன்றைத் தேடாதீர்கள். கறுப்புப் பையில் வருஷக்கணக்கில் நின்ற உயரமான கன்றின் வேர் அடியில் வட்டமாகச் சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் மண்ணிலும் சுற்றிக்கொண்டே இருந்து, பத்து வருஷம் கழித்து ஒரு காற்றில் சாயும். இரண்டு மூன்றடிக் கன்று, தண்டு நேராக, பையின் அடி ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வராமல் இருந்தால் அதை எடுங்கள். பையைக் கிழித்ததும் சுருண்ட வேர் கண்ணில் பட்டால் கத்தரித்துவிட்டு நடுங்கள். கழுத்துப்பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது.

இனி அரசிடம் கேட்க வேண்டியவை. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இன்று மழைநீர்க் குழி இல்லாத வரைபடத்தை யாரும் நீட்டுவதில்லை. அதே மாதிரி ஒரு மரக்குழியும் வரைபடத்தில் காட்டப்பட வேண்டும் என்று கட்டட அனுமதி விதியில் சேர்க்கலாம். மழைநீர்க் குழிக்குப் பக்கத்திலேயே அது இருந்தால் கூரைத் தண்ணீர் இரண்டுக்கும் ஆகும்.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டில் 33 ஆக்குவோம் என்று இலக்கு வைத்திருக்கிறது. லட்சக்கணக்கான சின்ன மனைகளை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போட முடியாது. ஆகவே நாற்றங்கால்களில் மூன்று சென்ட்காரனுக்கென்று தனிப் பாத்தி வேண்டும். ஆத்தி, குருந்து, அசோகு, பவளமல்லி, மந்தாரை ஆகியவை அதில் இருக்கட்டும். ஒவ்வொரு பையிலும் வளர்ந்தபின் வரும் உயரமும் அகலமும் எழுதி ஒட்டியிருக்கட்டும். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்று விழா வைத்து, ஆடிக்காற்று வருகிற நேரத்தில் மதுரைக்காரர் கையில் கன்றைக் கொடுப்பதையும் மாற்ற வேண்டும். எங்களுக்கு நம்பகமான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். புரட்டாசிக் கடைசி வாரத்தில் கொடுங்கள், நட்ட கன்றுக்கு வானமே தண்ணீர் விடும்.