ஆறு ஊட்டும் கடல்

பினாங்குச் சந்தைகளில் கெம்போங் மீனுக்கு எப்போதும் இடமுண்டு. அந்த மீன் எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டால் பலரும் விழிப்பர். கடல்நீரில் மிதந்து வாழும் பிளாங்டன் என்னும் நுண்ணுயிர்களே அதன் முதன்மை உணவு. அவற்றுள் தாவர வகையைச் சேர்ந்தவை சூரிய ஒளியைக் கொண்டு தமக்கான உணவைத் தயாரிக்கின்றன. உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி இவற்றின் கொடைதான்.

ஒளி மட்டும் போதாது, உரமும் வேண்டும். அதைக் கரையோரக் கடலுக்குச் சுமந்து வருவது ஆறு. கொடிமலையின் கருங்கல் பாறைகள் மழையில் மெல்லச் சிதையும்போது சிலிக்கா நீரில் கரைகிறது. மட்கிய இலைதழைகள் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் தருகின்றன. தண்ணீர்மலைப் பக்கமாக இறங்கிவரும் சுங்கை ஆயர் தெர்ஜுன், ஜோர்ஜ்டவுனில் சுங்கை பினாங்குடன் கலந்து இச்சத்துகளைக் கடலில் சேர்க்கிறது. டயட்டம் என்னும் பிளாங்டன் வகை, கண்ணாடி போன்ற தன் ஓட்டை இந்தச் சிலிக்காவால்தான் கட்டிக்கொள்கிறது.

ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று குறைபடுவோர் எகிப்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அஸ்வான் உயர் அணை 1960களின் நடுவில் நைல் வெள்ளத்தைத் தடுத்தது. ஆற்றுமுகத்தில் ஆண்டுதோறும் பெருகிய டயட்டம் அருகியது. அதை நம்பி வந்த மத்தி மீன்களும் குறைந்தன. மீனவர் வலைகள் வெறுமையாயின.

ஜோர்ஜ்டவுனின் சிக்கலோ பஞ்சமன்று, திகட்டல். வீட்டுக் கழிவுநீரும் உணவகக் கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பெருக்குகின்றன. சிலிக்கா அதற்கேற்பக் கூடுவதில்லை. டயட்டத்திற்கு நைட்ரஜனும் சிலிக்காவும் ஏறக்குறையச் சம அளவில் தேவை. சிலிக்கா பற்றாத இடத்தில், அது வேண்டாத வேறு வகைகள் பெருகுகின்றன. அவற்றுள் சில நஞ்சுடையவை. பெருகியவை மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைகிறது. சுதந்திரமாகத் திரியும் மீன் விலகி ஓடும். கூண்டில் வளர்க்கப்படும் மீன் எங்கே ஓடும்? பல மாத உழைப்பு ஓரிரவில் செத்து மிதக்கும்.

சுங்கை பினாங்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குப்பையோடும் நாற்றத்தோடும் நின்றுவிடுகிறது. குப்பையை அகற்றுவது தேவையே. ஆயினும் நீரில் கரைந்த சத்து எந்த வலையிலும் சிக்காது. மலேசியாவின் ஆற்றுநீர்த் தரக் குறியீடு ஆறு கூறுகளைக் கணக்கிடுகிறது. அமோனியா நைட்ரஜன் அவற்றுள் ஒன்று. நைட்ரேட்டும் பாஸ்பரசும் அப்பட்டியலில் இல்லை. ஆற்றை மட்டும் பார்த்தால் இது சிறு குறை. ஆற்றுமுகத்திலிருந்து பார்த்தால் பெருங்குறை. கடலில் கலக்கும் ஆறுகளுக்கேனும் இவ்விரண்டையும் சிலிக்காவையும் சேர்த்து அளந்து, மக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையம் தெலுக் பஹாங்கிலேயே இருக்கும்போது, பினாங்கு இதனைத் தொடங்கி வைக்கத் தயங்க வேண்டியதில்லை.