மருந்துக்கு முன் வேண்டும் மொழி

சத்திரசிகிச்சை என்றவுடன் நம்மவருட் பலர் அஞ்சுவது கத்திக்கு அன்று, மயக்கத்துக்கே. "மயங்கினால் மீண்டும் விழிப்பேனோ?" என்ற ஏக்கம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ இல்லங்களின் உறக்கத்தைக் கெடுத்திருக்கின்றது. இவ்வச்சத்தைத் தணிக்கும் முதல் மருந்து ஊசியன்று. நோயாளிக்கு விளங்கும் மொழியிற் பேசும் பேச்சே என்பது என் துணிபு.

1846 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் நாள் பொஸ்டன் நகரிலே வில்லியம் மோட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயக்கி, நோவறியாச் சத்திரசிகிச்சையை உலகறியச் செய்தார். இன்று மயக்க மருந்து வைத்திய நிபுணரின் பணி மயக்குவதோடு அமைவதன்று. அதற்கு முன்னரே தொடங்குவது. இருதயநோய் உண்டா, எம்மருந்து ஒவ்வாது, முன்னர் மயக்கியபோது ஏதும் நேர்ந்ததா, ஆடும் பல் உண்டா என்றெல்லாம் அவர் வினவுவர். வாயையும் கழுத்தையும் நோக்கிச் சுவாசக்குழாய் செலுத்தும் வழியை ஆராய்வர். வேண்டின் பதற்றந் தணிக்கும் மருந்தும் கொடுப்பர். பின்னர் நாளத்தில் மருந்தேற்றித் துயிலச்செய்து, சிகிச்சை முடியும்வரை மூச்சையும் நாடியையும் குருதியமுக்கத்தையும் காத்து நிற்பர்.

இலேசான உணவாயினும் 6 மணி நேரத்துக்கு முன்னும், தெளிந்த நீராயின் 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்துதல் பொதுவிதி. மயங்கியவர்க்கு இருமிக் காத்துக்கொள்ளும் உணர்ச்சி ஒடுங்கிவிடும். இரைப்பையிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பையுட் புகுந்தால் உயிருக்கே இடராகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் சத்திரசிகிச்சைக்குச் சென்றார். "வெறுவயிற்றோடு அம்மா தாங்குவாவோ" என இரங்கி, விடியலில் நாமே பாற்றேநீர் கொடுத்துவிட்டோம். வைத்தியசாலையிற் சிங்களத்தில் வினவியபோது, விளங்காமலே இல்லையெனத் தலையசைத்தார். பின்னர் தமிழறிந்த தாதி ஒருவர் அவர் கையைப் பற்றி, "அம்மா, விடிய என்ன குடிச்சனீங்கள்?" என்றார். உண்மை வெளிவந்தது, சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிழை எம்முடையதே. அதினின்று அவரைக் காத்தது தமிழிற் கேட்ட ஒரு கேள்வி.

பேச்சு அமைதியையும் தரும். 1963 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எக்பேட் என்பாரும் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து வைத்தியர் நேரிற் கண்டு உரையாடிய நோயாளிகள் அமைதியுற்றிருந்தனர். துயில்மருந்து மாத்திரம் பெற்றோர் சோர்வுற்றனரேயன்றி அமைதி பெற்றிலர்.

தமிழ் இதற்குப் போதாது என்பார் மானிப்பாயை நினைக்க. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் ஆங்கே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நூலுக்கு இடந்தந்த மொழி, கட்டிலருகே கேட்கும் நாலு கேள்விக்கு இடந்தராதா?

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என வள்ளுவர் மருத்துவத்தை நான்காக வகுத்தார். நம் பழைய மாணவருள் வைத்தியராயினோர் தமிழ் நோயாளியிடம் தமிழிற் பேசுக. ஏனையோர் முதியோர் அருகிருந்து மொழிபெயர்த்து உதவுக. வீட்டார் எதனையும் மறையாது கூறுக. கல்லூரி நமக்கு ஊட்டிய தமிழ் மேடைக்கு மாத்திரமன்று. நோயாளியின் கட்டிலருகிலும் அது பயன்படல் வேண்டும்.