இறக்கத்தை மறைக்கும் கேமரா!



மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்கு வராது. வந்ததை எழுதுகிறேன்.

போன வருஷம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மவுன்டன் போர்டு செய்தோம். ஸ்கேட்போர்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சக்கரத்துக்குப் பதில் காற்றடிக்கிற 8 அங்குல டயர். கால் நழுவாமல் இருக்க மேலே பட்டை. மண், சரளை, புல் எதிலும் இறங்கும். 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கொலராடோவில், பனி இல்லாத கோடையிலும் மலையில் இறங்க ஆசைப்பட்டவர்கள் இதைக் கட்ட ஆரம்பித்தார்கள். நாங்கள் பிளைவுட்டில் பலகை வெட்டி, டயரை மட்டும் விலைக்கு வாங்கினோம். (பிரேக்கா? கிடையாது. பலகையைக் குறுக்கே திருப்பித் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும்!)

ஓட்டினால் போதுமா, படம் எடுக்க வேண்டாமா? ஒருத்தனுடைய அண்ணன் கோப்ரோ வைத்திருந்தார். அதை ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு, கைவிட்ட கல்குவாரிக்குப் போகும் சரளைப் பாதையில் இறங்கினேன். ராத்திரி ஹாஸ்டலில் போட்டுப் பார்த்தால்... பாதை கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கிறது! என் வயிற்றைக் கலக்கின இறக்கம் எங்கே போச்சு?

"இவ்வளவுதானாடா?" என்று சிரித்தார்கள். அந்தப் படத்தை நம்பி அடுத்த ஞாயிறு ஒருத்தன் ஏறினான். முன்னே பின்னே பலகையில் நின்றதில்லை. பாதி வழியில் விழுந்தான்; மணிக்கட்டு முறிந்தது. வலது கை. மெஷின் டிராயிங் அரியர் ஆனது அப்படித்தான். படம் எடுத்தவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இறங்கும்போது தலையும் பாதையோடு சேர்ந்து குனிகிறது, கேமராவும் குனிகிறது. எது நேர், எது சாய்வு என்று காட்ட படத்தில் ஒன்றுமே இல்லை. அகலக் கோண லென்ஸ் வேறு, எதிரில் இருப்பதை எல்லாம் தள்ளி வைத்துக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, 2018-இல் வந்த ஹீரோ 7 பிளாக்கிலிருந்து 'ஹைப்பர்ஸ்மூத்' என்று ஒன்று. குலுக்கலைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடும். பார்க்க வழுவழு! ஆளைத் தூக்கி எறியும் இரண்டு சங்கதிகள், சரிவும் குலுக்கலும். இரண்டையும் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நாம் 'ரைடு' என்று காட்டுகிறோம்.

ஆகவே என் கருத்து: ஹெல்மெட் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பக் கூடாது. பக்கவாட்டில் ஒருத்தன் நின்று எடுத்த படமும் சேர வேண்டும். அதில் ஒரு தூக்குக்குண்டு தொங்க வேண்டும். சிரிக்காதீர்கள்! சிவில் பசங்களிடம் கேட்டால் தருவார்கள். பிரேமின் நடுவில் தொங்கட்டும். ஓரத்தில் வைத்தால் லென்ஸ் நூலையே வளைத்துவிடும். அப்படி அளந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் பாதை 10 அடிக்கு 3 அடி இறக்கம். கிட்டத்தட்ட 17 டிகிரி! உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 30 மீட்டர் உருண்டதும் மணிக்கு 47 கிலோமீட்டர். உராய்வு பாதியைத் தின்றாலும் பழகாதவன் நிற்கிற வேகமா அது?

"இதையெல்லாம் யாருடா பார்ப்பான்?" என்கிறான் என் ரூம்மேட். பார்க்கிறார்கள் அப்பா! பக்கவாட்டுப் படம்தான் பயங்கரமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கேமராவைப் பலகைக்கு அடியில் கட்டி, வினாடிக்கு 240 பிரேமில் எடுத்தோம். 30-இல் ஓட்டினால் ஒரு வினாடி எட்டு வினாடி ஆகும். முன் அச்சு நடுங்குவது பளிச்சென்று தெரிந்தது. ஒரு பக்கத்து ரப்பர் புஷ் தளர்ந்திருக்கிறது. அதை முடுக்கியவனும் நான்தான். ஹெல்மெட்டில் இருந்த கேமரா இதை எங்கே பார்த்தது? வானத்தையும் மரத்தையும் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது!

கட்டுப் பிரித்து மூன்று மாதம் ஆகிறது. மறுபடி ஏறணும் என்கிறான். "முதல்ல அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு நில்லு மச்சான்" என்றேன். இரண்டு ஞாயிறாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், முணுமுணுத்தபடியே.