மெதுவான பந்தும் ஜெயிக்கும்!

டென்னிஸ் ஆட என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல உயரம், இரும்பு மாதிரி கை" என்பர் பலரும். ரஷ்யாவின் மரியா ஷரபோவா, 2004ல், 17 வயதிலேயே விம்பிள்டன் பட்டம் வென்றவர். அவரது உயரம் ஆறடிக்கும் மேல்! இப்படிப்பட்டவர்களை, 'டிவி'யில் பார்த்து, 'நாம குள்ளம். நமக்கு விளையாட்டு வராது' என்று சிலர் ஒதுங்கி விடுகின்றனர். பள்ளியில் அணி பிரிக்கும் போதும், ஒல்லிப்பிச்சான்களின் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை.

இது சரியில்லை என்பேன். அதற்குச் சாட்சி, நம் தமிழகத்தின் ராமநாதன் கிருஷ்ணன்!

கடந்த 1937ல் பிறந்த இவருக்கு, டென்னிஸ் சொல்லித் தந்தவர், அப்பா டி.கே.ராமநாதன். 1954ல், விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார் கிருஷ்ணன். அதை வென்ற முதல் ஆசியர் இவரே! இத்தனைக்கும், ஆட்டத்தைத் துவக்கும், 'சர்வீஸ்' அடியில், இவருக்கு வேகம் குறைவு. எதிராளி எட்ட முடியாத இடம் பார்த்து, பந்தைப் பக்குவமாகத் தட்டி விடுவார். 1961 விம்பிள்டன் காலிறுதியில், ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனையே நேர் செட்களில் தோற்கடித்தார்.

கடந்த 1966ல், கோல்கட்டாவில் டேவிஸ் கோப்பைப் போட்டி. இந்தியாவும், பிரேசிலும், தலா இரண்டு வெற்றி பெற்றிருந்தன. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனும், தாமஸ் கோச்சும் மோதினர். கோச்சிடம் இரண்டு செட் போய் விட்டது. நான்காவது செட்டிலும், 2-5 என பின்தங்கினார் கிருஷ்ணன். இன்னும் ஒரு, 'கேம்' போனால், எல்லாம் முடிந்தது. ஆனால், வரிசையாக ஐந்து கேம்களைப் பிடித்து, அடுத்த செட்டையும் வென்று, இந்தியாவை முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு அனுப்பினார்!

'அப்படியானால், பலமே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டும் தான். 1960, 1961 என இரண்டு முறையும், விம்பிள்டன் அரையிறுதியோடு நின்றார் கிருஷ்ணன். பலமான சர்வீசும் இருந்திருந்தால், கை கொடுத்திருக்கும். ஆனால், இல்லாததை நினைத்து, அவர் மட்டையைக் கீழே வைத்து விடவில்லையே!

அவரது மகன் ரமேஷ் கிருஷ்ணனும் இதே பாணி தான். 1979ல் அவரும் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போதைய உலகின், 'நம்பர் 1' வீரர் விலாண்டரையே வீழ்த்தினார்.

எங்கள் ஆட்டையாம்பட்டி கைமுறுக்கைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? மாவை விரலால் திருகித் திருகிச் சுற்ற வேண்டும். அங்கே புஜபலம் எடுபடாது. விரலின் பழக்கம் தான் பேசும். விளையாட்டிலும், அதற்கு ஓர் இடம் உண்டு.

எனவே, அடுத்த முறை அணி பிரிக்கும் போது, எப்போதும் கடைசியில் நிற்பவனை, முதலில் கூப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் நிற்பது நீங்களே என்றால், ஒதுங்காதீர்கள். 'நானும் வரேன்' என்று, ஓரடி முன்னே வந்து நில்லுங்கள்!