திண்டிவனத்து விதை யாருக்குச் சொந்தம்?



முதலில் ஒரு கணக்கு. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் தொழிலின் மதிப்பு 2014ல் 1,000 கோடி டாலராம். 2024ல் 16,500 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாம். 2030க்குள் 30,000 கோடி ஆக்கிக் காட்டுவோம் என்று மத்திய அரசு மார்தட்டுகிறது. அதற்காக 2024 ஆகஸ்டில் ‘பயோ ஈ3’ என்று ஒரு கொள்கையையும் மந்திரிசபை பாஸ் பண்ணியது.

வளரட்டும். நமக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. நம்ம ஊரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியே ஜீன் மாற்றிய நுண்ணுயிரில் இருந்து எடுப்பதுதான். 1982ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு முன்பு மாடு, பன்றியின் கணையத்தில் இருந்து எடுத்துக்கொண்டு இருந்தார்கள். ஆகவே ‘சங்கத்துக்காரனுக்கு விஞ்ஞானம் பிடிக்காது’ என்று யாரும் பட்டம் கட்ட வேண்டாம். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த டாலர் கணக்கில் விதையை யார் பேரில் எழுதியிருக்கிறார்கள்? அது நமக்கு வரவா, செலவா?

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏனென்றால் விதை ஆராய்ச்சி என்பது நம்ம வீட்டுப் பக்கத்து சமாச்சாரம். இரும்பையில் இருந்து பஸ் ஏறினால் திண்டிவனம். அங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்தான் டி.எம்.வி. என்ற மூன்றெழுத்து. அங்கே இருந்து 1940ல் டி.எம்.வி. 2 என்று ஒரு மல்லாட்டை ரகம் வெளிவந்தது. வானத்தில் இருந்து குதித்ததா அது? குடியாத்தம் பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறையாகப் போட்டுவந்த கொத்து மல்லாட்டையில் இருந்து பொறுக்கி எடுத்தது. நம்ம ஆள் விதையைக் கொடுத்தான். சர்க்கார் ஆராய்ச்சிக்காரர் பொறுக்கிச் சீர்படுத்தி நம்மிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த ரகம் ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் பரவி எத்தனையோ வருஷம் கொல்லை கொல்லையாய் நின்றது. ஒரு பைசா ராயல்டி யாரும் கேட்டது இல்லை. இந்த வருஷம் போட்டதில் நல்ல காயாய்ப் பார்த்து எடுத்துக் காயவைத்து, அடுத்த பட்டத்துக்கு நாமே போட்டுக்கொண்டோம். பக்கத்துக் கொல்லைக்காரர் கேட்டால் மரக்காலில் அளந்து கொடுத்தோம்.

இதுவும் விஞ்ஞானம்தான். இதற்குப் பங்குச் சந்தையில் மதிப்பு கிடையாது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு எப்போது மாறியது? 1980ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆனந்த சக்ரவர்த்தி என்று நம்ம மேற்கு வங்கத்தில் பிறந்த விஞ்ஞானி ஒருவர். எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா ஒன்றை உருவாக்கியிருந்தார். உயிர் உள்ளதற்கும் பேட்டன்ட் கொடுக்கலாம் என்று 5 நீதிபதிகள் சொன்னார்கள், கூடாது என்று 4 பேர் சொன்னார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்! அந்தக் கதவு வழியாகத்தான் கம்பெனிகள் உள்ளே வந்தன. முதலில் பாக்டீரியா, அப்புறம் ஜீன், அப்புறம் அந்த ஜீன் இருக்கிற செடி. பிறகு ஒன்றை ஒன்று விழுங்க ஆரம்பித்தன. 2017ல் டவ்வும் டூபாண்டும் ஒன்றாயின, அதில் இருந்து பிரிந்து வந்தது கோர்டேவா. அதே வருஷம் சின்ஜென்டாவை சீன அரசுக் கம்பெனி வாங்கியது. 2018ல் மான்சான்டோவை பேயர் வாங்கியது. இன்றைக்கு உலகத்தில் விலைக்கு விற்கும் விதையில் பாதி அளவு நாலே நாலு கம்பெனி கையில். பூச்சி மருந்து விற்கிறவனும் அவனேதான். நோயையும் மருந்தையும் ஒரே கடையில் வைத்தால் வைத்தியம் எப்படி இருக்கும்?

நம் நாட்டுக்கு இது 2002 மார்ச்சில் பி.டி. பருத்தியாய் வந்தது. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி பக்கம் பருத்தி போடுகிற சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி ‘தொழில்நுட்பக் கட்டணம்’. விலையைக் குறைத்தது யார்? கம்பெனி மனம் இரங்கிக் குறைத்ததா? 2006ல் ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போய் மல்லுக்கட்டியது. 750 ரூபாய்க்கு இறங்கியது. 2015 டிசம்பரில் மத்திய அரசே விலைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 2020ல் தொழில்நுட்பக் கட்டணத்தைப் பூஜ்யமாக்கியது. போராடினால் இறங்கும், சும்மா இருந்தால் ஏறும்.

சரி, புழு செத்ததா? ஆரம்பத்தில் செத்தது, பொய் சொல்லக்கூடாது. காய்ப்புழுவுக்கு அடித்த மருந்தும் குறைந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ஜீனைச் செடிக்குள் வைத்ததால் செடியே புழுவின் குடலைக் கெடுக்கிற நஞ்சைச் செய்துகொள்கிறது. ஆனால் எல்லாக் கொல்லையிலும், எல்லா நாளும், அதே நஞ்சு என்றால் தப்பிப் பிழைத்த புழுதான் குட்டி போடும். 2010ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்துக்கு அடங்கவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அடுத்த சில வருஷத்தில் இரண்டு ஜீன் வைத்த ரகமும் அந்தப் புழுவிடம் தோற்றது. ‘ஓரத்தில் விதைக்கச் சொல்லிச் சாதாப் பருத்தி தனிப் பாக்கெட்டாய்க் கொடுத்தோமே, நீங்கள் விதைக்கவில்லையே’ என்று பழியை நம் தலையில் போட்டார்கள். உண்மைதான், பெரும்பாலானோர் விதைக்கவில்லை. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறவன் ஓரம் முழுக்கப் புழுவுக்குச் சாப்பாடு போட்டால் அவன் எதைச் சாப்பிடுவான்? அமெரிக்காவில் 1,000 ஏக்கர்காரனுக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்கே இறக்கினால் இதுதான் நடக்கும்.

இன்னொரு விஷயம் பலபேருக்குத் தெரியாது. அமெரிக்காவிலும் சீனாவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் சாதா ரகமாகத்தான் போகிறது. எடுத்து வைத்து விதைத்தாலும் முளைத்து அதே குணத்தோடு வரும். இங்கே மட்டும் ஏறக்குறைய எல்லாமே வீரிய ஒட்டு. வருஷா வருஷம் கடைக்கு ஓடணும். ஜீனைச் செடிக்குள் வைத்ததோடு சேர்த்து நம்ம கழுத்தில் கயிறும் மாட்டினார்கள்.

பருத்தியாவது துணி. அடுத்தது கத்திரிக்காயில் கை வைத்தார்கள். 2005ல் நம்ம தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே மஹிகோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் ஜீனை நம்ம கத்திரியில் ஏற்ற வேண்டியது, அதுதான் வேலை. எந்தக் கத்திரி? அதில் ஒன்று பாலூர் கத்திரி, பி.எல்.ஆர். 1. கடலூர் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்து ரகம். நம்ம சந்தையில் கூறு கட்டி விற்கிற ரகம்! ரகம் பொதுச் சொத்து, உள்ளே போகிற ஜீன் தனியார் சொத்து. இரண்டும் ஒரே காயில் கலந்த பிறகு பிரித்து எடுக்க முடியுமா? 2009 அக்டோபரில் அனுமதிக் குழு சரி என்றது. நாடே கொதித்தது. மந்திரி ஜெயராம் ரமேஷ் ஏழு ஊரில் கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டு 2010 பிப்ரவரி 9ல் நிறுத்தி வைத்தார். தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட வைக்கவில்லை என்பது தனிக்கதை. அனுமதி கேட்காமல் உள்ளூர்க் கத்திரி ரகங்களை எடுத்தாண்டார்கள் என்று 2011ல் தேசிய பல்லுயிர் ஆணையம் சட்ட நடவடிக்கைக்குத் தீர்மானித்தது. அந்த ஆணையத்தின் ஆபீஸ் சென்னை தரமணியில் எந்தக் கட்டடத்தில் தெரியுமா? டைசல் பயோ பார்க்கில். காவல்காரனுக்கு வீடு களத்துமேட்டுக்காரன் வீட்டு மாடியில்!

‘அதெல்லாம் பழைய கதை, இப்போது வெளி ஜீனே வேண்டாம், செடியின் சொந்த ஜீனையே திருத்துகிறோம்’ என்கிறார்கள். 2025 மே 4ஆம் தேதி மத்திய வேளாண் மந்திரி இரண்டு நெல் ரகங்களை டெல்லியில் வெளியிட்டார். ஒன்று நாம் பி.பி.டி. என்று சொல்லும் சாம்பா மசூரியைத் திருத்தியது. 19 சதவீதம் கூடுதல் விளைச்சல், சுமார் 20 நாள் முன்னதாக அறுப்பு என்கிறது அரசு. ஏரி வறண்டு கிடக்கிற வருஷத்தில் 20 நாள் தண்ணீர் மிச்சம் என்றால் யாருக்குக் கசக்கும்? நாமும் சந்தோஷப்படத் தயார். ஆனால் திருத்துவதற்கு உபயோகிக்கிற கிரிஸ்பர் என்ற கத்தரிக்கோல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் பேட்டன்ட் வாங்கி வைத்திருக்கிற சரக்கு. பாபட்லாவில் ஜனங்கள் வரிப்பணத்தில் உண்டான நெல்லை, வரிப்பணத்திலேயே சம்பளம் வாங்கும் விஞ்ஞானி திருத்தியிருக்கிறார். அதை நாம் எடுத்து வைத்து விதைத்தால், பக்கத்து ஊருக்கு ஒரு மூட்டை கொடுத்தால், நாளைக்கு யாராவது நோட்டீஸ் அனுப்புவார்களா, மாட்டார்களா? லைசென்ஸ் நிபந்தனையைத் தமிழில் அச்சடித்து ஊராட்சி ஆபீசில் ஒட்டுங்கள் என்கிறோம். இதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு? 2022 மார்ச்சில் இந்த மாதிரித் திருத்திய பயிருக்கு, வெளி ஜீன் இல்லை என்றால், பழைய உயிர்ப் பாதுகாப்பு விதிகளில் இருந்தே விலக்கு கொடுத்தார்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்?

நோட்டீஸ் எல்லாம் வராது என்று நினைப்பவர்கள் குஜராத்தைப் பாருங்கள். 2019ல் சிப்ஸ் உருளைக்கிழங்கு போட்டதற்காகப் பெப்சி கம்பெனி விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. நாலு பேரிடம் ஆளுக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடு முழுக்கச் சத்தம் வந்த பிறகு மே மாதம் வாபஸ் வாங்கியது. அந்த விவசாயிகளுக்குக் கவசமாய் நின்றது 2001ஆம் வருஷச் சட்டம், 39ஆவது பிரிவு. பிராண்டு பேர் போடாமல் விதையை எடுத்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது அது. 2021 டிசம்பரில் அந்தக் கிழங்கின் பதிவையே ரத்து செய்தார்கள். 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் மறுபடியும் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பருத்தி ஜீன் வழக்கு என்ன ஆச்சு? பேட்டன்ட் செல்லாது என்று 2018ல் அதே நீதிமன்றம் சொன்னது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது, 2021ல் இரண்டு கம்பெனியும் தங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டன. விதைக்கு பேட்டன்ட் கிடையாது என்று சட்டத்தில் 3(ஜே) இருக்கு. விதைக்குள் இருக்கிற ஜீனுக்கு உண்டா இல்லையா என்பதற்குப் பதில் வராமலே கேஸ் கட்டு மூடிவிட்டது. கயிறு இன்னும் அவர்கள் கையில்.

இந்த நிலைமையில்தான் 1966ஆம் வருஷத்து விதைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாய் ஒன்று கொண்டுவர 2025 நவம்பரில் வரைவு வெளியிட்டார்கள். ஒரு மாசம்கூட டயம் கொடுக்கவில்லை, டிசம்பர் 11க்குள் கருத்துச் சொல்லு என்றார்கள். மழையில் நாற்று அழுகிக் கிடந்த நேரம் அது! மோசமான விதை விற்றால் 30 லட்சம் வரைக்கும் அபராதம், 3 வருஷம் ஜெயில் என்று போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அபராதம் கஜானாவுக்குப் போகும். விதைத்துக் கெட்டவன் கைக்கு என்ன வரும்?

நம்ம சங்கத்தில் நடந்ததையே சொல்கிறோம். மூன்று குடும்பம் தர்பூசணி போட்டது. ஆடம்பரமான பாக்கெட், ஆயிரக்கணக்கில் விலை. கொடி நன்றாய்ப் படர்ந்தது, பிஞ்சு எல்லாம் கோணிக்கொண்டு போனது. கடைக்காரர் கொடுத்தது துண்டுச் சீட்டு, அதில் லாட் நம்பர் இல்லை. கம்பெனி ஆள் வந்தார், போட்டோ எடுத்தார், ‘வெயில் அதிகம்’ என்றார், போனார். விதையால் கெட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2012ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. நகையை அடகு வைத்துக் கொல்லை போட்டவர் வக்கீலுக்கு எதை அடகு வைப்பார்? மூவரில் ஒருவர் இப்போது புதுச்சேரிக்கு கட்டட வேலைக்குப் போகிறார்.

ஆகவே சங்கம் கேட்கிறது. விதை பொய்த்தால் இத்தனை நாளில், இவ்வளவு நஷ்டஈடு என்று சட்டத்திலேயே எழுது. பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையமும் கம்பெனியோடு போடும் ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் வெளியே வை. ஜனங்கள் பணத்தில் வந்த ரகத்தின் மேல் எவனுக்கும் பேட்டன்ட் உரிமை கிடையாது என்று அறிவி. 2024 ஜூலையில் கடுகு வழக்கில் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பில் முரண்பட்டாலும், மரபணுப் பயிருக்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும், விவசாயிகளைக் கேட்டு எழுத வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். அந்தக் கேட்பை வானூரிலும் மரக்காணத்திலும் வந்து தமிழில் கேளு. எல்லாவற்றுக்கும் மேல், திண்டிவனம் நிலையத்துக்குப் பணமும் ஆளும் கொடுத்து, மல்லாட்டை விதை பட்டத்துக்கு முன்னாடி நம்ம கைக்கு வர ஏற்பாடு பண்ணு. சித்திரையில் கேட்ட விதையை ஆடி போன பிறகு கொடுத்தால் வறுத்துத்தான் தின்னணும்.

வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வானூர் வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுகிறோம். இரும்பைக்காரர்கள் 8 மணிக்கே கோயிலண்டை வந்துவிடுங்கள், டிராக்டர் நிற்கும். மனுவோடு சேர்த்து வைக்க வீட்டுக்கு ஒரு படி சொந்த விதை கொண்டு வாங்க. மல்லாட்டையோ நெல்லோ கேழ்வரகோ, எதுவானாலும் சரி. பாக்கெட் விதை வாங்கிய பில் இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்து வாங்க. துண்டுச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே கொண்டு வாங்க.